முன்கூட்டியே வாங்கிய மன்னிப்பு

கேசரினுடைய முகத்தின் விலை, பாங்காக் பணத்தில், மூன்று கோடி பாட். முகப்பூச்சுக் கம்பெனிக்காரர்கள் அவளோடு ஒப்பந்தம் போட்டபோது காப்பீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் நெற்றியிலிருந்து முகவாய் வரை, துணிக்கடையில் முழம் போடுகிற மாதிரி, பார்வையாலேயே அளந்துவிட்டு இந்தத் தொகையைப் போட்டார். அழகுக்கு யார் விலை போட முடியும் என்று கேட்கிறவர்கள் காப்பீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிப் பார்த்ததில்லை. அவர் எதற்கும் விலை போடுவார். எதிலிருந்து எதுவரை என்பதில்தான் கறார். காது முகத்தில் சேர்த்தி இல்லை என்பது, இடது காதின் சவ்வு கிழிந்த பிறகுதான் கேசரினுக்குத் தெரியவந்தது.

கிழித்தவன் ரச்சானோன். ஊருக்கெல்லாம் நோன். நாற்பதைத் தொடப்போகிறவன், பாதி வாழ்க்கை கதாநாயகனாகவே ஓடிவிட்டது. சந்தையில் மீன் அரிகிற பெண்கள்கூட அவன் படம் போட்ட விசிறியால்தான் விசிறிக்கொள்வார்கள்.

‘முள்தோட்டத்து எசமானி’ என்ற அந்தத் தொலைக்காட்சி நாடகத்தில் கேசரின்தான் எசமானி. சந்தபுரியில் முள்தோல் துரியான் பழத் தோட்டம் வைத்திருப்பவள், எவனுக்கும் தலை வணங்காதவள். தன் தம்பி செத்ததற்கு இவள்தான் காரணம் என்று நினைத்துப் பழிவாங்க வருகிறான் நோன். அடைத்துவைப்பான், அடிப்பான், அடித்த கையோடு முத்தமிடுவான். அவள் கடிப்பாள், காறித் துப்புவாள், கடைசி வாரத்தில் அவனையே கல்யாணம் செய்துகொள்வாள். முடிவு இன்னதென்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அடியும் முத்தமும் மாறி மாறி வரும்வரை யாரும் வேறு அலைவரிசைக்குப் போகமாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

கேசரின் அந்தப் பாத்திரத்துக்கு வந்ததே வாயால்தான். மகாச்சாய் மீன் சந்தையில் அவள் அம்மாவுக்குக் கடை. கூடை நண்டுக்கு மூன்று பேர் மூன்று விலை கேட்டுச் சண்டை போடுகிற சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். குரலை உயர்த்தாமலே எதிராளியை உட்காரவைப்பாள். நடிகை தேர்வின்போது “உன்னால கோபப்பட முடியுமா?” என்று இயக்குநர் தோம் கேட்டதற்கு, “சம்பளத்த சொல்லுங்க, அப்புறம் பாருங்க” என்றாள். அங்கேயே முடிந்துவிட்டது.

பாங்காக் நாடகங்களில் காட்சி எழுதிய மை காய்வதற்குள் படமாக்கிவிடுவார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் ஏது? நடிகர்களின் காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி இருக்கும். கூடாரத்துக்குள் உட்கார்ந்து பிரயூன் என்ற பெரியவர் எல்லோருடைய வசனத்தையும் வாசிப்பார். “கதாநாயகி அழுகிறாள். நீ மனுஷனே இல்ல. கதாநாயகன் அறைகிறான்.” லாட்டரி முடிவு அறிவிக்கிற குரல், காதலுக்கும் அதே குரல்தான், கொலைக்கும் அதே குரல்தான்.

காது கிழிந்த அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தார். அறைவதென்றால் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கை போக வேண்டும், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். நோனுக்கு அந்த ஒரு சாண் பிடிக்காது. “நான் உள்ள இறங்கிட்டா கை நிக்காதுப்பா” என்பான், ஏதோ வரம் வாங்கி வந்தவன் போல. உள்ளங்கை முழுசாக அவள் இடது காதின்மேல் விழுந்தது. பட்டாணிக் கருவி உள்ளே போய் இடித்தது. பிரயூனின் குரல் அறுந்து, அந்த இடத்தில் ரயில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளைச் சட்டைக் காலரில் ரத்தம் சொட்டியது.

“ரத்தம் நல்லா விழுந்திருக்கு” என்றார் தோம், திரையைப் பார்த்தபடி. “அழியறதுக்குள்ள இன்னொரு தடவை போயிடலாம்.”

போனார்கள். அவளும் நின்றாள். அந்த இரண்டாவது அடியை வாங்கிக்கொண்டு நின்றதற்காகத்தான் பிறகு தன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. சவ்வு தானாகக் கூடும், கூடும்வரை சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது, இன்னொரு அடி விழக்கூடாது, விழுந்தால் அந்தக் காதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

அடுத்த வாரம் புதுக் காட்சி வந்தது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை இறங்கிப்போயிருந்ததால் தயாரிப்பாளர் மாலிவான் உட்கார்ந்து எழுதவைத்த காட்சி. எசமானி நாயகனை ஒரே ஒரு அறை அறைவாள். அவன் வெறி கொண்டு அவள் மயிரைப் பிடித்துத் தோட்டம் நெடுக இழுத்துப்போய், மாறி மாறி அறைந்து, பாசனக் கால்வாயில் தூக்கி எறிவான். பிறகு தானும் குதித்து, தண்ணீருக்குள் முத்தம்.

கேசரின் தாளை எடுத்துக்கொண்டு மாலிவானிடம் போனாள். படப்பிடிப்பில் எல்லோருக்கும் மாலிவான் அம்மாதான்.

“அம்மா, தண்ணியில விழற எடத்துக்கு டூப் போட்டுருங்க. டாக்டர் சீட்டு உங்ககிட்ட இருக்கே.”

“டூப்போட முதுகப் பாக்கவா கண்ணு ஜனங்க உட்கார்ந்திருக்கு? அழற மூஞ்சி தெரியணும்.”

“காது போயிடும்மா.”

“பஞ்சு வெச்சுக்கோ. நான் அந்தக் காலத்துல உடைஞ்ச காலோட யானை மேல ஏறி நடிச்சவ.”

“அந்த யானைக்கு உங்கள அடிக்கச் சொல்லி எழுதலையே.”

மாலிவான் சிரித்தாள். நல்ல பதிலுக்கு எப்போதுமே சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, படப்பிடிப்பை நிறுத்தினால் ஒப்பந்தப்படி கேசரின் என்ன கட்ட வேண்டியிருக்கும் என்று சொன்னாள். மகாச்சாய் கடையையும் கடைக்கு மேலே இருந்த வீட்டையும் விற்றாலும் பாதிகூடத் தேறாது.

கடைசியாக நோனிடமே போனாள். அவன் கூடாரத்தில் மாம்பழமும் பசைச்சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நாளைக்கு அந்த இடத்துல கைய கொஞ்சம் தள்ளி வீசுங்கண்ணே. காது இன்னும் கூடல.”

“நீ பொய்யா அழுவியா?”

“இல்ல.”

“அப்ப நான் மட்டும் பொய்யா அடிக்கணுமா? உனக்கு முன்னாடி எத்தன பேர் எங்கிட்ட அடி வாங்கிப் பெரிய ஆளா ஆயிருக்காளுங்க தெரியுமா? பின்னாடி நன்றி சொல்லுவ.” ஒரு கவளத்தைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டான். “போய் நல்லாத் தூங்கு, தங்கச்சி.”

ஒப்பனை போடுகிற சோம் என்ற திருநங்கைதான் அவளுக்கு அங்கே இருந்த ஒரே ஆதரவு. மறுநாள் காலை தலை வாரிவிடும்போது சோம் அழுதுகொண்டே வாரினாள்.

“மயிருக்கு எண்ணெய வழிய வழியத் தடவட்டுமாடி? புடிச்சா வழுக்கும்.”

“வேணாம்க்கா. ஒரு மாலை மட்டும் வாங்கிக் குடு. மல்லிப்பூவுல. நல்லதா, பெருசா.”

“சாமிக்கா?”

“நோனுக்கு.”

சீப்பு நின்றது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கேமரா முன்னால் மூத்தவரை அடிக்க வேண்டி வந்தால் இளையவர் முதலில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடிப்புதான் என்றாலும் பெரியவர் தலைக்கு மேலே கை போகிறது, அந்த வினை சும்மா விடாது. பெரியவர் ‘அஹோசி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வினை அங்கேயே செத்தது. சொன்ன வாயால் அதைத் திரும்ப வாங்க முடியாது, இந்த ஜென்மத்திலும் முடியாது, வருகிற ஜென்மத்திலும் முடியாது. இளையவளை அடிக்கும் மூத்தவன் கேட்க வேண்டுமா? நல்ல மனசுள்ளவர்கள் கேட்பார்கள். நோன் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு நோனின் ரசிகர் மன்ற அக்காக்கள் இரண்டு வேன்களில் வந்து இறங்கியிருந்தார்கள். படப்பிடிப்பு மொத்தத்துக்கும் சோறும் பப்பாளி சாலடும் அவர்கள் உபயம். எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனிலும் நேரலை. தோட்டத்து மூலையில் காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்கு முன்னால் சிவப்பு சோடா பாட்டில்களை வைத்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தான் நோன். கேசரின் கூட்டத்துக்கு நடுவே போய், அவன் காலடியில் மண்டியிட்டு, மாலையைக் கைக்குள் வைத்துக் கூப்பினாள்.

“அண்ணே, இன்னிக்குக் காட்சியில என் உடம்பாலயோ, வாக்காலயோ, மனசாலயோ உங்களுக்கு எந்தத் தப்பு நடந்தாலும் மன்னிச்சிடணும்.”

அக்காக்கள் உருகிப்போனார்கள். “பாவம், எவ்வளவு பணிவு பாரு” என்றாள் ஒருத்தி, போனை இன்னும் கிட்டே நீட்டி.

எடை கேட்காமல் சரி என்று சொல்கிறவனை மகாச்சாய் சந்தையில் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். நல்ல சட்டை போட்டிருப்பான், கூட யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். நோன் மாலையை வாங்கினான். தாளில் இருந்தது ஒரே ஒரு அறை. அது அவனுக்குத் தெரியும். ஆனால் அக்காக்கள் பார்க்கிறார்கள், போன்கள் பார்க்கின்றன.

“ஒண்ணென்ன தங்கச்சி, உன் கை வலிக்கிற வரைக்கும் அடி. அண்ணன் இப்பவே எல்லாத்தையும் மன்னிச்சாச்சு. அஹோசி.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்று கேமராக்கள் வைத்திருந்தார்கள். துரியான் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை, அதன் கடைசியில் கால்வாய். பட்டாணியை வலது காதில் வைத்துக்கொண்டாள். “கதாநாயகி அறைகிறாள்” என்றார் பிரயூன்.

அறைந்தாள். ஒரு சாண் தள்ளி இல்லை. நோனின் முகம் திரும்பியது, எச்சில் தெறித்தது. அவன் கண்ணில் முதலில் வந்தது ஆச்சரியம்.

“நான் என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியாது. கதாநாயகன் மயிரைப் பிடிக்கிறான்” என்றார் பிரயூன். நோன் கையை நீட்டினான். அந்தக் கையைத் தட்டிவிட்டு, புறங்கையால் மறுபக்கம் ஒன்று கொடுத்தாள். உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது.

“கதாநாயகி அழுகிறாள்” என்றது காதுக்குள் அந்தக் குரல், எதுவுமே நடக்காதது போல. கேசரின் பட்டாணியைப் பிடுங்கி மண்ணில் எறிந்தாள்.

பிறகு நடந்தது நாடகத்தில் இல்லாதது. நோன் இரண்டு கையாலும் அவள் மயிரைப் பிடித்து இழுத்தான். உச்சியில் ஒரு கொத்து வேரோடு வந்தது. அவள் இழுத்த பக்கமே பாய்ந்து நெற்றியால் அவன் மூக்கில் முட்டினாள். எலும்பு நறநறத்தது அவளுக்குக் காதில் விழவில்லை, மண்டைக்குள் கேட்டது. அவன் கை அவள் கழுத்துக்குப் போனது. கட்டைவிரல்கள் குரல்வளையில் இறங்கின. அது நடிக்கிற கை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கண்ணுக்குள் கறுப்புப் பொட்டுகள் மிதந்தன. தோமின் பக்கம் பார்த்தாள். தோம் திரைக்கு முன்னால் வாயைப் பிளந்தபடி நின்றார், நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கவில்லை. பக்கத்தில் மாலிவான், அவர் கையைத் தூக்கிவிடாதபடி தன் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்த ஒருவரும் வரமாட்டார்கள். அது புரிந்ததும் உடம்பு லேசாகிவிட்டது. முழங்காலை மடக்கி அவன் தொடைகளுக்கு நடுவே ஏற்றினாள். விரல்கள் விட்டன. குனிந்த முகத்தில் அறைந்தாள், மறுபடி அறைந்தாள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு அடியாகப் பின்னால் போனான். அவன் கண்மூடித்தனமாக வீசிய கை அவள் இடது காதை நோக்கி வந்தது. தோளைத் தூக்கி அதில் வாங்கிக்கொண்டாள். தோள் மரத்துப்போனது. அந்தக் கையையே பிடித்து மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தாள். வாயில் உப்பும் வாசனைத் தைலமும் சேர்ந்து ருசித்தன. அவன் கத்திக்கொண்டே உதறியபோது, கரையோரம் கிடந்த படகுத் துடுப்பை எடுத்து அடிவயிற்றில் ஒரு குத்து.

கூடாரத்துக்குள் பிரயூனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாளில் இருப்பதை வாசித்துப் பயனில்லை, வாசிக்காமல் இருந்து அவருக்குப் பழக்கமுமில்லை. கண்ணால் பார்ப்பதை வாசித்தார்.

“கதாநாயகன் தண்ணியில விழறான்” என்றார், அதே குரலில்.

நோன் விழுந்தான். சேற்றுத் தண்ணீர் மூக்கு ரத்தத்தோடு சேர்ந்து பழுப்பாயிற்று. கேசரின் துடுப்பை ஊன்றிக்கொண்டு கரையில் நின்றாள். மூச்சு வாங்கியது, காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் தோம் நிறுத்தச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மூக்கில் கட்டோடு நோன் போலீசுக்குப் போவதாகக் குதித்தான். மாலிவான் தன் போனை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். ரசிகர் மன்ற அக்காக்களின் நேரலை ஊரையெல்லாம் சுற்றியிருந்தது. சிவப்பு சோடா பாட்டில்கள், ஊதுபத்திப் புகை, கையில் மாலையோடு அவன். உன் கை வலிக்கிற வரைக்கும் அடி.

“அஹோசி சொன்னவன் போலீசுக்குப் போனா ஊரு சிரிக்கும் கண்ணு. அதுவும் தெய்வத்துக்கு முன்னாடி சொல்லியிருக்க” என்றாள் மாலிவான். “யாரு உன்ன எல்லாத்துக்கும் மன்னிக்கச் சொன்னது? ஒண்ணுக்குன்னு சொல்லிருக்கலாம்ல?”

காட்சி ஒளிபரப்பானது. சந்தைகளில் வியாபாரம் நின்றது என்கிறார்கள். அதுவரை அடி வாங்குகிற எசமானிகளையே பார்த்திருந்த ஜனம், சேற்றிலிருந்து எழுந்து வரும் நாயகனைப் பார்த்து ஓலமிட்டது. மாலிவான் நாடகத்தை இன்னும் சில வாரங்களுக்கு நீட்டினாள். நீட்டியவள் அடுத்த காட்சியையும் எழுதவைத்தாள். நாயகன் திருப்பிக் கொடுப்பது, அதே கால்வாய், அதே மூன்று கேமராக்கள்.

அந்தக் காட்சி எடுக்கிற அன்று காலையில் சோம் தாளை வாசித்துக் காட்டினாள். கேசரின் கழுத்தில் நோனின் விரல்தடம் மஞ்சளாக மாறியிருந்தது. சோம் அதன்மேல் பூச்சைத் தடவி மறைத்தாள்.

வெளியே சலசலப்பு. நோன் வந்துகொண்டிருந்தான். கையில் மல்லிகை மாலை, அவள் வாங்கியதைவிடப் பெரியது. பின்னால் ரசிகர் மன்ற அக்காக்கள், போன்கள், மாலிவான். சிலபேருக்குப் பாடம் ஏறக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ஏறிவிடும். கூடார வாசலில் அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான். அந்த உயரத்து ஆள் மண்டியிட்டதும் அக்காக்களில் ஒருத்தி விம்மினாள்.

“தங்கச்சி, இன்னிக்குக் காட்சியில அண்ணன் கையால என்ன தப்பு நடந்தாலும் மன்னிச்சிடணும்.”

கேசரின் மாலைக்குக் கை நீட்டவில்லை.

“எத்தனைக்குண்ணே?”

“என்ன?”

“எத்தன அடிக்குக் கேக்கறீங்க?”

அவன் திரும்பி மாலிவானைப் பார்த்தான். மாலிவான் வானத்தைப் பார்த்தாள். “வெயில் ஏறிட்டிருக்கு கண்ணு, வாங்கிக்கோ” என்றாள்.

“வாங்கிக்கிறேன்மா. பழசு கொஞ்சம் இருக்கே, அத முதல்ல முடிச்சிட்டு புதுசுக்கு வருவோம்.” கேசரின் நோனின் பக்கம் குனிந்தாள். குரல் உயரவில்லை. “இந்த நாடகம் ஆரம்பிச்சதுலேர்ந்து நீங்க நெசமா அடிச்சதுக்கெல்லாம் இப்ப மன்னிப்புக் கேளுங்கண்ணே. மொத்தமா வேணாம். ஒவ்வொண்ணா, எங்க, எப்பன்னு சொல்லிக் கேளுங்க. சொன்னதெல்லாம் அஹோசி. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் புதுசா ஒரு கை எம்மேல விழணும்.”

போன்கள் உயர்ந்தன. மாலையைப் பிடித்த கை இறங்க வழியில்லாமல் அந்தரத்தில் நின்றது.

“காதுல... அன்னிக்கு... அந்த ரத்தம் வந்தது” என்றான்.

“அது ஒண்ணு. அஹோசி. அப்புறம்?”

“உடனே இன்னொண்ணு. தோம் கேட்டாரே, அது.”

“அஹோசி. அப்புறம்?”

அவன் யோசித்தான். நெற்றியில் வியர்த்தது. உண்மையாகவே யோசிக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதுதான் பார்க்கச் சகிக்காமல் இருந்தது.

“மாடிப்படியில” என்றான் கடைசியில், முகம் கொஞ்சம் தெளிந்து. “மாடிப்படியில வெச்சு ஒண்ணு. நீ கீழ விழுந்த. கைல கட்டு போட்டுக்கிட்டு வந்தியே.”

சோம் பூச்சு டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“இந்த நாடகத்துல மாடிப்படியே இல்லண்ணே” என்றாள் கேசரின். “அது வேற யாரோ.”

நோனுக்கு வேறு எந்த அடியும் நினைவுக்கு வரவில்லை. விம்மிய அக்கா இப்போது விம்மவில்லை. போனைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள், விசிறியில் இருக்கிற படத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

மாலிவான் கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். எதை விற்க முடியும், எதை முடியாது என்று பார்த்த உடனே தெரிந்துகொள்கிறவள் அவள். எழுத்தாளரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“இன்னிக்குக் காட்சிய மாத்து. ரெண்டு பேரும் போன்ல சண்ட போடட்டும். அவன் பாங்காக்குல இருக்கான், இவ இங்க இருக்கா. கை எட்டக்கூடாது.”

நோன் மாலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். எழுந்து போ என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. கேசரின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், சோம் மறுபடி பூச்சை எடுத்தாள்.

இந்த நாடகத்தில் அவன் அவளை நிஜமாக அடித்தது பதினொன்று. கேட்டுத் தீர்ந்தது இரண்டு. இன்னொருத்தி பெயரில் போய்ச் சேர வேண்டியது ஒன்று, அதை வாங்க அவள் வரவில்லை. இங்கே பாக்கி ஒன்பது.